ஒற்றைத் தலைவலிக்கு உற்ற மருந்து

(சிப்பிகாட்டில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் தமிழின் தொன்மையைப் பேசுவதே வழக்கம். இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒற்றைத் தலைவலி. "விழா நாளில் தலைவலியா?" என்று நண்பர் சிலர் நகைத்தனர். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்னும் பழமொழியை அனுபவத்தில் அறிந்தவர்கள் நகைக்கவில்லை.

நாம் மருத்துவர் அல்லர். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் எழுத்தரானவர். தண்டவாளமே இல்லாத இத்தீவில், தாயகம் செல்வோருக்குச் சீட்டுப் பதிந்து கொடுப்பது நம் தொழில். ஆயினும் நம் இல்லத்திலேயே இந்நோய் பல ஆண்டுகள் குடியிருந்தது. அதனால் மருத்துவர்களிடம் கேட்டறிந்தவற்றை உங்கள்முன் வைக்கிறோம்.

முதலில் நோய் இன்னதென்று தெரிந்துகொள்வோம். தலையின் ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சமும் ஓசையும் பொறுக்கா. சிலருக்கு முன்னறிவிப்பாகக் கண்ணெதிரே மின்னல் கோடுகள் தோன்றும். மருந்து கொள்ளாவிடில் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். ஆடவரைவிடப் பெண்டிரையே மிகுதியாகப் பற்றுவது. 'மைக்ரேன்' என்ற மேனாட்டுச் சொல்லும் பாதி மண்டை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. நம் முன்னோர் இட்ட பெயரும் அதுவே அன்றோ!

நம் துணைவியார் இதைப் பல காலம் வெளியே சொல்லவில்லை. தலைவலியென்று படுத்தால் சோம்பல் என்பார்களோ என்ற அச்சம். நெற்றியில் சுக்குப் பற்றிட்டு அடுப்படியில் நிற்பார். பொறுக்க முடியாதபோது அரை மாத்திரை விழுங்குவார். இரவில் மற்றோர் அரை. நாளடைவில் அரை ஒன்றாகி, ஒன்று நாள்தோறும் ஆயிற்று. கடையில் கேட்டவுடன் கொடுத்தார்கள். நாமும் வாங்கி வந்தோம். எத்தனை நாள் என்று எண்ணவே இல்லை. இறுதியில் மருத்துவர் ஒருவர் எண்ணச் சொன்னார். மாதத்தில் இருபது நாளுக்கு மேல்! "அம்மா, இப்போது உங்களுக்குத் தலைவலி தருவதே இந்த மாத்திரைதான்" என்றார் அவர். நாம் திகைத்துப் போனோம்.

இதுவே இன்று நாம் சொல்ல வந்த செய்தியின் மையம். மருந்து ஏற்றது வேண்டும். அளவு போதுமானது வேண்டும். வேளை முந்தியது வேண்டும். நாட்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை வேண்டும்.

இலேசான, நடுத்தரமான வலிக்கு முதற்படி எளிய மாத்திரைகள். பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 1000 மில்லிகிராம், அல்லது ஐபூபுரோஃபென் 400, அல்லது ஆஸ்பிரின் 900 என்பது மருத்துவ நூல்கள் கூறும் அளவு. அரை மாத்திரை வலியைத் தொடாது. கணக்கை மட்டும் கூட்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் பின்னிரண்டையும் மருத்துவரைக் கேளாமல் தொடலாகாது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. கருவுற்ற தாய்மார்கள் எந்த மாத்திரையையும் கேட்டே கொள்ளவேண்டும்.

வேளையைப் பற்றி ஒரு நுட்பம். வலி முற்றியபின் இரைப்பையின் இயக்கம் மந்தமாகிவிடுகிறது. விழுங்கிய மாத்திரை குடலுக்கு இறங்காமல் அங்கேயே கிடக்கும். ஆகவே வலி இலேசாக இருக்கும்போதே விழுங்கவேண்டும். வண்டி புறப்பட்டபின் சீட்டு வாங்கி என்ன பயன்? குமட்டல் உடையவர்களுக்கு மெட்டோகுளோபிரமைடு அல்லது டோம்பெரிடோனையும் உடன் கொடுப்பார்கள். அது வாந்தியை அடக்குவதோடு இரைப்பையையும் நகர்த்தும்.

இவை கைகொடாதபோது இரண்டாம் படி 'டிரிப்டான்' வகை. சுமாட்ரிப்டான் 1991இல் விற்பனைக்கு வந்தது. அது வெறும் வலிநீக்கி அன்று. மூளையுறையில் விரிந்த இரத்தக் குழாய்களைச் சுருக்கி, வலியைத் தூண்டும் நரம்பையும் தணிப்பது. 50 அல்லது 100 மில்லிகிராம் மாத்திரை வழக்கம். தணிந்த வலி மீண்டும் எழுந்தால், இரண்டு மணி நேரம் கழித்தே அடுத்தது. வாயில் கரையும் ரிசாட்ரிப்டானுக்குத் தண்ணீர் வேண்டாம். ஆயினும் அதுவும் வயிற்றின் வழியே உடலிற் சேர்வது. ஓயாது வாந்தியெடுப்போருக்கு மூக்கில் தெளிப்பதும், தோலின்கீழ்ப் போடும் 6 மில்லிகிராம் ஊசியும் உண்டு. சென்னைக் கப்பலில் மூன்று நாள் புரண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். மாரடைப்பு, பக்கவாதம், அடங்காத இரத்த அழுத்தம் உடையோருக்கு இவ்வகை ஆகாது.

இதற்கு முன்னோடி எர்காட்டமின். கம்பு போன்றதொரு தானியமாகிய ரை கதிரில் படரும் காளானிலிருந்து 1918இல் பிரித்தெடுக்கப்பட்டது. காஃபீனும் பிறவும் கலந்து இன்றும் நம் நாட்டில் விற்கப்படுகிறது. குழாய்களைக் கடுமையாகச் சுருக்குவதால் கருவுற்றோருக்கும் இதய நோயாளருக்கும் தீது. டிரிப்டான் கொண்ட 24 மணி நேரத்திற்குள் இதைச் சேர்க்கக் கூடாது. இரத்தக் குழாயைச் சுருக்காத 'ஜெபான்ட்' வகை 2019 முதல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று வருகிறது.

இனி எண்ணிக்கை. எளிய மாத்திரை மாதத்திற்கு 15 நாளும், டிரிப்டான், எர்காட்டமின், கலவை மாத்திரைகள் 10 நாளும் எட்டிவிட்டால், மருந்தே நோயாகும் என்பது மருத்துவர்கள் வகுத்த எல்லை. அவ்வெல்லையை நெருங்குமுன்னரே தடுப்பு மருந்து கேட்கவேண்டும். நம் துணைவியார் மாத்திரையை நிறுத்திய முதல் இரண்டு வாரம் வலி முன்னிலும் கடுமை. அந்நாட்களில் அடுப்படி நம்முடையதாயிற்று. பிறகு தடுப்பு மருந்தாகப் ப்ரோப்ரனலால் கொடுத்தார்கள். இப்போது மாதத்தில் மூன்று நான்கு நாளே வலி. நாட்காட்டியில் அவர் இடும் சிவப்புப் புள்ளியே எங்கள் கணக்குப் புத்தகம்.

நிற்க. இம்மண்ணில் எல்லாத் தலைவலியும் ஒற்றைத் தலைவலி அன்று. 1988 முதல் அந்தமானில் உயிர்களைக் குடித்த மர்மக் காய்ச்சல், எலிக்காய்ச்சலே என்று பின்னர் ஆய்வில் தெளிவாயிற்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையின்போது தாழ்ந்த சிப்பிகாட் வயல்களில் கடல்நீர் புகுந்ததைக் கண்டவர்கள் நாம். சேற்றில் இறங்கி உழைத்தவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் சேர்ந்து தலைவலி வந்தால், மாத்திரையோடு படுக்கலாகாது. டெங்குவென்று ஐயமிருந்தால் ஆஸ்பிரினும் ஐபூபுரோஃபெனும் கூடவே கூடாது. இடிபோல் திடீரென வரும் வலி, கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், ஐம்பது வயதுக்குமேல் புதிதாய்த் தோன்றும் வலி ஆகியவற்றுக்கு உடனே ஜி. பி. பந்த் மருத்துவமனை செல்லவேண்டும்.

தாய்மார்களே, வலியை மறைக்காதீர்கள். ஆடவர்களே, இருட்டறையில் படுத்திருப்பவரைச் சோம்பேறி என்னாதீர்கள். கதவைச் சாத்திப் பிள்ளைகளின் ஓசையை அடக்குங்கள். தொலைவில் வந்து குடியேறிய நமக்கு உற்றாரும் சுற்றாரும் இக்குடியிருப்பே. ஒருவர் வலியை மற்றவர் அறிவதே சங்கம் என்ற சொல்லுக்குப் பொருளாகும்.