பஸ் எத்தனை என்பதல்ல, எப்போது என்பதே!

(தலைப்பு: வேலைக்குப் போகிறவர்களின் பேருந்துப் பயணம் சிறக்கப் பெரிதும் தேவை கூடுதல் பேருந்துகளா? நேரந்தவறாமையா? ‘நேரந்தவறாமையே’ அணியின் இரண்டாவது பேச்சு.)

நிற்கிறவங்களைப் பார்த்தாலே தெரியுது, தலைப்புக்கேற்ற கூட்டம். (சிரிப்பு)

எனக்கு முன்னாலே பேசிய பேராசிரியர் ஒரே வரியிலே முடிச்சிட்டார். “பஸ் பத்தலை, வாங்குங்க.” ஐயா, கேட்க நல்லா இருக்கு. ஆனா ஸ்டாப்பிங்கிலே நிற்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க. “அரை மணி நேரமா ஒண்ணையும் காணோம், வந்தா மூணா வருது”ன்னுதான் சொல்வாங்க. கல்யாண வீட்டுச் சொந்தக்காரங்க மாதிரி. முகூர்த்தத்துக்கு ஆளைக் காணோம், பந்தி போட்டதும் மொத்தமா வந்து நிப்பாங்க! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, ஒரு சின்னக் கணக்கு. ஒரு மணி நேரத்துக்கு 6 பஸ் ஓடுற ரூட்டுன்னு வெச்சுக்குங்க. 10 நிமிஷத்துக்கு ஒண்ணா வந்தா, எப்போ போய் நின்னாலும் சராசரியா 5 நிமிஷம் காத்திருந்தா போதும். அதே 6 பஸ் மூணு மூணா சேர்ந்து வந்தா? அரை மணிக்கு ஒரு தடவைதான் வண்டி. சராசரிக் காத்திருப்பு 15 நிமிஷம். பஸ் அதே பஸ், டீசல் அதே டீசல், டிரைவர் சம்பளமும் அதே சம்பளம். காத்திருப்பு மட்டும் மூணு மடங்கு!

சரி, பேராசிரியர் பேச்சைக் கேட்டு 6 பஸ்ஸை 9 ஆக்குவோம். என்ன ஆகும்? மூணு மூணா வந்தது நாலும் அஞ்சுமா வரும். நடுவிலே அந்த அரை மணி அப்படியே இருக்கும். கோடிக்கணக்கிலே செலவு பண்ணி ஊர்வலம் விட்டதுதான் மிச்சம். (சிரிப்பு)

ஏன் சேர்ந்து வருது? டிரைவருங்க டீக்கடையிலே பேசி வெச்சுக்கிட்டா வர்றாங்க? பாவம், அவங்க மேலே பழி போடாதீங்க. முன்னாலே போற பஸ் ஒரு சிக்னல்லே மாட்டி 2 நிமிஷம் லேட்டாகுது. அந்த 2 நிமிஷத்திலே அடுத்த ஸ்டாப்பிங்கிலே இன்னும் பத்துப் பேர் சேர்ந்துடறாங்க. அவங்க ஏற, கண்டக்டர் “உள்ளே போங்க, உள்ளே போங்க”ன்னு கத்த, இன்னொரு நிமிஷம் போச்சு. அதுக்கடுத்த ஸ்டாப்பிங்கிலே இன்னும் கூட்டம். பின்னாலே வர்ற பஸ்ஸுக்கு ஏத்தறதுக்கு ஆளே இல்லை. அது காத்தாடிக்கிட்டு ஓடி வந்து முன்னதைப் பிடிச்சிடும். முதல் வண்டியிலே படிக்கட்டிலே தொங்குறாங்க, ரெண்டாவது வண்டியிலே கண்டக்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து சில்லறை எண்ணிக்கிட்டு வர்றார். பெரம்பூரிலே புறப்பட்டுப் பெசன்ட் நகர் வரைக்கும் போற 29சி மாதிரி நீளமான ரூட்டுன்னா, வழியெல்லாம் இந்தத் தாமதம் குட்டி போடும். இது நான் கண்டுபிடிச்சதில்லைங்க. 1964-லேயே நியூவெல், பாட்ஸ்னு ரெண்டு அறிஞர்கள் கணக்குப் போட்டு எழுதி வெச்சிட்டாங்க.

இதிலே யாருக்கு நஷ்டம்? நகரத்துக்குள்ளே குடிசையிலே இருந்த குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடி மாத்தினோம். வீடு மாறிச்சு. வேலை மாறலையே! அடையாறிலேயும் மயிலாப்பூரிலேயும் நாலு வீட்டிலே பாத்திரம் தேய்க்கிற அம்மாவை நினைச்சுப் பாருங்க. முதல் வீட்டிலே 7 மணிக்கு நிற்கணும். பஸ் தப்பினா அந்த வீடு தப்பும். அந்த வீடு தப்பினா ரெண்டாவது வீடு தப்பும். நாலாவது வீட்டிலே, “ஏம்மா, தினம் இதே கதையா? நாங்க வேற ஆளைப் பார்த்துக்கறோம்”னு சொல்லிடுவாங்க. அவங்க என்ன செய்வாங்க? 5 மணிக்கு எழுந்திருக்க வேண்டியவங்க நாலரைக்கு எழுந்திருப்பாங்க. வராத பஸ்ஸுக்குப் பயந்து தினமும் அரை மணித் தூக்கம் போச்சு. எந்த பட்ஜெட்டிலேயாவது இந்தச் செலவு வருதா? (கைதட்டல்)

எதிரணியிலே உடனே சொல்வாங்க, “2021 மே மாசத்திலேர்ந்து பெண்களுக்குக் கட்டணமில்லையே!” அருமையான திட்டம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அது சாதாரணக் கட்டண பஸ்ஸுக்குத்தான். டீலக்ஸ் வந்தா, ஏ.சி. வந்தா, அந்த அம்மா கையைக் கட்டிக்கிட்டு நிப்பாங்க. அவங்களுக்கு இடைவெளின்னா ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நடுவிலே இல்லை. ஒரு ஒயிட் போர்டுக்கும் அடுத்த ஒயிட் போர்டுக்கும் நடுவிலே. அது நேரத்துக்கு வரலைன்னா ஷேர் ஆட்டோவிலே காசு கொடுத்து ஏறணும். அப்போ இலவசத்தை யார் தின்னது? தாமதம் தின்னுது!

“அதான் 2022-லேயே ‘சென்னை பஸ்’ ஆப் வந்திடுச்சே, வண்டி எங்கே வருதுன்னு போன்லேயே பார்க்கலாமே”ன்னு ஒரு தம்பி கேட்டார். தம்பி, கல்யாணம் தள்ளிப் போகும்னு ஜோசியர் சொல்வார், நடத்தி வைக்க மாட்டார். (பலத்த சிரிப்பு) வண்டி எங்கே நிற்குதுன்னு எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? டைம் கீப்பருக்கில்லே தெரியணும்! முன்னே போற வண்டி லேட்டுன்னு பார்த்ததும், பின்னாலே வர்றதை வழியிலே ரெண்டு மூணு இடத்திலே ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் பிடிச்சு நிறுத்தி விடணும். உள்ளே உட்கார்ந்திருக்கிறவர் திட்டுவார். திட்டட்டும். வெளியிலே 20 நிமிஷமா நிற்கிறவர் திட்டறதுதான் இதுவரைக்கும் நம்ம காதிலே விழலை.

இன்னொண்ணு, நம்ம ஊர்லே டிரைவர், கண்டக்டருக்குச் சம்பளத்தோடே வசூலைப் பார்த்துப் படி கொடுக்கிற வழக்கம் உண்டு. கூட்டத்தை அள்ளினா படி, நேரத்துக்குப் போனா என்ன? லண்டன்லே 2001-லேர்ந்து வேற மாதிரி. அடிக்கடி ஓடுற ரூட்டிலே, அட்டவணைப்படி காத்திருக்க வேண்டியதுக்கு மேலே ஜனங்க எவ்வளவு நேரம் காத்திருந்தாங்கன்னு அளக்கிறாங்க. குறைஞ்சா பஸ் நடத்துற கம்பெனிக்கு போனஸ், கூடினா பணம் பிடித்தம். அளவுகோல் பயணியோட கால் வலி! இந்த அளவுகோலை இங்கே கொண்டு வரக் காசா கேட்குது? மனசு வேணும்.

எதிரணி அம்மா அடுத்து வந்து டில்லியை இழுப்பாங்க. பஸ்ஸுக்குத் தனித்தடம் 2008-லே போட்டாங்க, கார்க்காரங்க சத்தத்திலே 2016-லே எடுத்தாங்க, உண்மை. அகமதாபாத்திலே 2009-லே போட்டது ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? அதையும் சொல்லுங்கம்மா.

நான் பஸ் வாங்க வேண்டாம்னு சொல்ல வரலைங்க. 2025 ஜூன் கடைசியிலே வியாசர்பாடி டிப்போவிலேர்ந்து 120 மின்சார பஸ் விட்டாங்களே, அது தாழ்தள பஸ். படியேறச் சிரமமில்லை. வயசானவங்க, கைக்குழந்தைக்காரங்க எல்லாம் சட்டுனு ஏறிடறாங்க. ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலேயும் சில விநாடி மிச்சம். புது பஸ்ஸோட பெரிய லாபமே நேரம்தான்னா, எதிரணி வாங்கச் சொல்ற பஸ்ஸும் எங்க கட்சியிலே ஏறிடுச்சு! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் மணி அடிச்சிட்டாங்க. விசில் கொடுத்த பிறகு படிக்கட்டிலே நிற்கக் கூடாது. எங்கள் அணிக்கே தீர்ப்பளிக்க வேண்டும் என்று கேட்டு இறங்கிக்கொள்கிறேன். (கைதட்டல்)