முதலில் திறந்தது காது

வானொலி மறையுரை
பொதுக்காலம் 5ஆம் வாரம், வெள்ளி – உலக வானொலி நாள்
வாசகங்கள்: 1 அரசர்கள் 11:29-32, 12:19, மாற்கு 7:31-37



இன்று பிப்ரவரி 13. 1946ஆம் ஆண்டு இதே நாளில் ஐக்கிய நாடுகள் அவையின் வானொலி தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதன் நினைவாகவே இந்நாள் உலக வானொலி நாளாகக் கொண்டாடப்படுகிறது. நேற்றைய நாளும் நமக்கு முக்கியமானதுதான். 1931 பிப்ரவரி 12 அன்று திருத்தந்தை பதினொன்றாம் பயஸ், மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலி வழியாக முதன்முறை உலகத்தோடு பேசினார்.

அப்படிப்பட்ட நாளில் திரு அவை நமக்குத் தரும் நற்செய்தி, காது கேளாத ஒருவரைப் பற்றியது. தெக்கப்பொலிப் பகுதியில் அவரை இயேசுவிடம் கூட்டி வருகிறார்கள். அவருக்குக் காதும் கேட்காது, பேச்சும் திக்கும். இயேசு அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப் போகிறார். முதலில் காதுகளில் விரலை இடுகிறார். பிறகுதான் நாவைத் தொடுகிறார். வானத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டு, ‘எப்பத்தா’ என்கிறார். மாற்கு எழுதும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் காது திறக்கிறது. அதன் பிறகே நாவின் கட்டு அவிழ்கிறது. கேட்கத் தெரியாதவருக்குத் தெளிவாகப் பேசவும் வராது என்பதை இந்த வரிசையே சொல்லிவிடுகிறது.

நம் நாட்டு வானொலியின் கதையும் இந்தப் புதுமையைப் போன்றதுதான். ஒரே ஒரு வேறுபாடு: வானொலிக்கு முதலில் வாய் திறந்தது. காது திறக்க வெகுகாலம் ஆயிற்று.

1924இல் சென்னையில் வானொலி ஆர்வலர்கள் சிலர் ஒரு சங்கம் அமைத்து ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். பணமில்லாமல் 1927இல் அது நின்றுபோனது. அவர்கள் கொடுத்த கருவியைக் கொண்டு 1930இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை மீண்டும் தொடங்கியது. பிறகு அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும், திருச்சி நிலையம் 1939இலும் வந்தன. செய்தி, கர்நாடக இசை, நாடகம், சொற்பொழிவு என்று எல்லாம் தரமாக இருந்தன. ஊராட்சி அலுவலக வாசலில் ஒலிபெருக்கி கட்டி வைத்திருப்பார்கள். மாலையில் மக்கள் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். நிலையம் பேசும், ஊர் கேட்கும். ஊர் பேசினால் கேட்க அங்கே யாரும் இல்லை.

அதன் விளைவு 1952இல் தெரிந்தது. அப்போது தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த பி.வி.கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் ரசனையைக் கெடுக்கின்றன என்று கருதி, வானொலியில் அவற்றுக்குக் கட்டுப்பாடு விதித்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் மக்கள் என்ன செய்தார்கள்? வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொஞ்சம் திருப்பி இலங்கைக்குப் போய்விட்டார்கள். 1950இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை அவர்கள் விரும்பிய பாட்டைப் போட்டது. பாட்டை மட்டுமா? அஞ்சலட்டையில் எழுதி அனுப்பிய நேயர்களின் பெயர்களையும் ஊர்களையும் வாசித்தது. பிறந்தநாள் குழந்தைக்கு வாழ்த்துச் சொன்னது. மயில்வாகனன், அப்துல் ஹமீது போன்றோரின் குரல்கள் கடல் தாண்டி நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து உறவாகிப் போயின. கடைசியில் 1957 அக்டோபர் 3 அன்று நம் நாட்டு வானொலியும் திரைப்பாடல்களுக்கு இடம் கொடுத்து விவித் பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று.

இன்றைய முதல் வாசகத்தை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். இறைவாக்கினர் அகியா தம் புதிய ஆடையைப் பன்னிரண்டு துண்டுகளாகக் கிழிக்கிறார். சாலமோன் பிற தெய்வங்களின் பின்னால் போனதால் அரசு உடையும் என்பதற்கு அது அடையாளம். அந்த உடைவு எப்படி நேர்ந்தது என்பதை அடுத்த அதிகாரம் சொல்கிறது. சாலமோனின் மகன் ரெகபெயாமிடம் மக்கள் வந்து, “உம் தந்தை வைத்த சுமையைக் குறையும்” என்ற பொருளில் கெஞ்சுகிறார்கள். முதியோர் சொன்ன அறிவுரையை அரசர் தள்ளிவிடுகிறார். மக்களுக்குச் செவிகொடுக்கவில்லை. மக்கள் தங்கள் கூடாரங்களுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். பத்துக் குலங்கள் பிரிந்தன. கேட்காத இடத்தில் மக்கள் தங்குவதில்லை. இது அரசுக்கும் பொருந்தும், வானொலிக்கும் பொருந்தும், குடும்பத்துக்கும் பொருந்தும், பங்குக்கும் பொருந்தும்.

ஆனாலும் வானொலி மெல்ல மெல்லக் காது திறந்தது. 1960களில் திருச்சி நிலையத்தார் வயலுக்குப் போய் உழவர்களோடு பேசினார்கள். ஆடுதுறை 27 என்ற புதிய நெல்லைப் பற்றித் தொடர்ந்து ஒலிபரப்பினார்கள். தஞ்சைப் பகுதியில் அந்த நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வந்துவிட்டது.

அடுத்த பெரிய மாற்றம் நம் குமரி மாவட்டத்தில்தான் நடந்தது. இந்திய வானொலியின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில் தொடங்கப்பட்டது. சென்னையிலும் இல்லை, மதுரையிலும் இல்லை. நாட்டின் தெற்குக் கோடியில், நம் ஊரில். ஒரு மாநிலம் முழுவதற்கும் ஒரே குரலில் பேசுவதை விட்டு, ஒரு மாவட்டத்தின் மக்களை அவர்களுடைய பேச்சிலேயே பேச வைப்பதுதான் அதன் நோக்கம். நிலையத்தார் ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் வயலுக்கும் போனார்கள்.

அப்போது நான் பள்ளிச் சிறுவன். அதுவரை வானொலித் தமிழ் என்றால் சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசிக்கும் கம்பீரமான தமிழ். ஒருநாள் மாலை எங்கள் பாட்டி வலைக்கயிறு முறுக்கிக்கொண்டு இருந்தார்கள். வானொலியில் ஒரு மீனவர், மீன்பாடு எப்படி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டி கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, “ஏய் மக்கா, இது நம்ம பேச்சுல்லா! நம்ம ஆளு பேசுதான்!” என்றார்கள். அவர்கள் முகத்தில் அன்று இருந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. அதுவரை வானொலி பேசுவதைக் கேட்டவர்கள், அன்று வானொலி தங்களைக் கேட்கிறது என்று தெரிந்துகொண்டார்கள்.

அதன் பிறகு மாற்றங்கள் வேகமாக வந்தன. வானலைகள் பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001இல் பெங்களூரில் முதல் தனியார் பண்பலை நிலையம் வந்தது. பிறகு சென்னை, கோவை, திருநெல்வேலி என்று பரவியது. காலை முதல் இரவு வரை பாட்டு, சிரிப்பு, தொலைபேசியில் உரையாடல். 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சமூக வானொலி தொடங்கியது. 2006இல் தொண்டு நிறுவனங்களும் வானொலி நடத்த அரசு வழிவிட்டது. 2016இல் பாம்பனில் மீனவர்களுக்கென்றே ‘கடல் ஓசை’ பிறந்தது. மணிலாவிலிருந்து சிற்றலையில் வந்துகொண்டிருந்த நம் வேரித்தாஸ் வானொலி 2018இல் சிற்றலையை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மாறியது. இப்போது இந்த மறையுரையைக்கூட உங்களில் பலர் கைபேசியில்தான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

பழையதெல்லாம் பொன், புதியதெல்லாம் வெறும் கூச்சல் என்று சொல்ல நான் வரவில்லை. பழைய வானொலியிலும் செவிட்டுத்தனம் இருந்தது. இரவு இரண்டு மணிக்கு லாரி ஓட்டுகிறவருக்கு இன்று ஒரு பண்பலைக் குரல் துணையாக இருந்தால் அதுவும் நல்லதே. பாட்டு மாறலாம், நேரம் மாறலாம், கருவி மாறலாம். நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இங்கே யாருடைய குரலுக்கு இடம் இருக்கிறது? யாருடைய குரல் விடுபட்டுப் போகிறது?

இந்தக் கேள்வியை நான் வானொலி நிலையங்களிடம் மட்டும் கேட்க முடியாது. என்னிடமே கேட்டாக வேண்டும். அதற்கு ஒரு காரணம் உண்டு.

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல். அப்போது நான் கடற்கரைப் பங்கு ஒன்றில் பணியில் இருந்தேன். புயல் வருகிறது என்ற செய்தி கரைக்கு வந்தபோது, நம் மக்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் சொன்ன சொல் அவர்களுக்கு எட்டவில்லை. அந்த நாட்களில் எங்கள் ஆலய ஒலிபெருக்கிதான் ஊரின் வானொலி. எங்கோ ஒரு துறைமுகத்தில் கரையேறியவர்களின் பெயர்கள் தொலைபேசியில் வரவர, நான் மைக்கில் வாசிப்பேன். ஒவ்வொரு பெயருக்கும் ஏதோ ஒரு வீட்டிலிருந்து அழுகையும் நன்றிக் குரலும் சேர்ந்து எழும்.

ஆலயப் படியில் ஒரு தாய் ஒவ்வொரு மாலையும் வந்து உட்காருவார்கள். அவர்கள் மகனின் பெயர் வரவில்லை. நான் அருகில் போய் ஆறுதல் சொல்வேன். யோபுவைச் சொன்னேன், புயலை அடக்கிய ஆண்டவரைச் சொன்னேன், வியாகுல மாதாவைச் சொன்னேன். குருமடத்தில் படித்த இறையியல் எல்லாம் என் வாயில் இருந்தது. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, “சாமி, நீங்க நாலு நாளா பேசுதீங்க. நான் ஒண்ணு சொல்லணும், கேப்பீளா?” என்றார்கள்.

நான் படியில் உட்கார்ந்தேன். மகன் கிளம்பிய அன்று என்ன சட்டை போட்டிருந்தான், என்ன குழம்பு கேட்டான், கட்டுமரம் தள்ளப் பழகிய வயதில் எப்படிப் பயந்தான் என்றெல்லாம் அவர்கள் சொன்னார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். நான் ஒரு சொல்லும் பேசவில்லை. முடிவில் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: “வந்தவங்க பேரத்தான் மைக்குல சொல்லுதீங்க. என் பிள்ள பேரயும் ஒரு தடவ சொல்லுங்க சாமி. அவனும் இந்த ஊரு பிள்ளதான.”

எனக்கு நெஞ்சில் அடித்தது போல இருந்தது. இத்தனை நாள் ஊருக்கே செய்தி சொன்னவன் நான். வராதவர்களின் பெயர்களைச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அன்று மாலை, வராத ஒவ்வொருவரின் பெயரையும் வாசித்தேன். முற்றத்தில் இருந்தவர்கள் யாரும் சொல்லாமலே எழுந்து நின்றார்கள். அந்த மகன் திரும்பி வரவில்லை. ஆனால் அந்தத் தாய் அதன் பிறகு படியில் தனியே உட்காரவில்லை. தினமும் மாலையில் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். அவர்களும் பேசவில்லை, கேட்டார்கள்.

அன்புக்குரியவர்களே, இயேசு அந்த மனிதரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றது ஏன் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. கூட்டத்துக்குப் பேசுவது எளிது. ஒருவருடைய துயரத்தைக் கேட்க, அந்த ஒருவரோடு மட்டும் இருந்தாக வேண்டும். ஆண்டவர் அங்கே நீண்ட உரை ஆற்றவில்லை. தொட்டார், பெருமூச்சு விட்டார், ஒரே ஒரு சொல் சொன்னார். நம் திருமுழுக்குச் சடங்கிலும் அருள்பணியாளர் குழந்தையின் காதையும் வாயையும் தொட்டு இதே ‘எப்பத்தா’ மன்றாட்டைச் சொல்கிறார். அங்கேயும் காதுதான் முதலில். 2022ஆம் ஆண்டு உலகச் சமூகத் தொடர்பு நாளுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் தேர்ந்துகொண்ட கருத்தும், இதயத்தின் செவிகொண்டு கேட்பது பற்றியதே.

இந்த வாரத்துக்கு மூன்று சிறு முயற்சிகளை உங்கள் முன் வைக்கிறேன். ஒன்று: வீட்டில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் பெரியவர் ஒருவர் இருப்பார். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரை மணி நேரம் அவர் சொல்வதைக் கேளுங்கள். இரண்டு: பிள்ளைகள் சொல்லத் தொடங்கியதுமே அறிவுரை சொல்லி அடைத்துவிடாதீர்கள். நீங்கள் கேட்காவிட்டால், அவர்களும் முள்ளை வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவார்கள். மூன்று: அன்பியக் கூட்டத்திலும் பங்குப் பேரவையிலும் எப்போதும் பேசுகிறவர்கள் ஒருமுறை காத்திருங்கள். ஒருநாளும் வாய் திறக்காத ஒருவரிடம், “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேளுங்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மைக் அதிகம் என் கையில்தான் இருக்கிறது.

செபிப்போம். ஆண்டவரே, காது கேளாதவரைத் தொட்டவரே, எங்கள் காதுகளைத் தொடும். எங்கள் வீட்டிலும் தெருவிலும் பங்கிலும் யாரும் கேட்காத குரல்களை நாங்கள் கேட்கச் செய்யும். வானலைகளில் பணியாற்றும் அனைவரையும் ஆசீர்வதியும். கடலில் இருப்பவர்களைக் காத்தருளும். கடலிலிருந்து திரும்பாதவர்களின் பெயர்களை நீர் மறப்பதில்லை என்ற நம்பிக்கையில் நாங்களும் அவர்களை மறவாதிருக்கச் செய்யும். எங்கள் காதுகளை முதலில் திறந்து, பிறகு எங்கள் நாவைத் திறந்தருளும். ஆமென்.