தலைமாட்டில் நிற்பவர்கள்

(பங்கின் பொன்விழாக் கூட்டத்தில், ஆப்பரேஷன் தியேட்டரில் பணிபுரிவோர் சார்பில் ஆற்றிய உரை)



பெரம்பலூரில் மக்காச்சோளக் காட்டில் பாடுபடுபவரும், அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் உழைப்பவரும் என்றாவது ஒரு நாள் ஆப்பரேஷன் மேசையில் படுக்க நேரிடலாம். முன்பெல்லாம் பெரிய ஆப்பரேஷன் என்றால் திருச்சிக்கோ தஞ்சைக்கோ ஓடினோம். 2022-ல் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. வசதி அருகில் வந்தது. எங்கள் பொறுப்பும் கூடியது.

1847-ல் வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவம் பார்ப்போர் கை கழுவினாலே தாய்மார் சாவு குறையும் என்று காட்டினார். ஆப்பரேஷன் செய்யும் டாக்டர் கை கழுவுவதை இன்று எல்லோரும் அறிவர். ஆனால் நோயாளியின் தலைமாட்டில் நின்று மயக்க மருந்து தரும் எங்கள் கைகளை யாரும் நினைப்பதில்லை. சுவாசக் குழாய் வைக்கும்போது எங்கள் கை நோயாளியின் எச்சிலைத் தொடுகிறது. அதே கை உடனே டிரிப் குழாயைத் தொட்டால், கிருமி நேரே இரத்தத்தில் சேரலாம். இயந்திரத்தைத் தொட்டால், அடுத்த நோயாளிக்கும் போகலாம்.

மயக்கத்திற்குத் தரும் புரோபஃபால் பால் போன்ற மருந்து. எண்ணெய் கலந்திருப்பதால் அதில் கிருமி எளிதில் பெருகும். 1990 முதல் 1993 வரை அமெரிக்காவில் 7 மருத்துவமனைகளில் ஆப்பரேஷனுக்குப் பின் பலருக்குக் கிருமித் தொற்று ஏற்பட்டது. ஆராய்ந்தபோது, ஊழியர் அந்த மருந்தைச் சுத்தமாகக் கையாளாததே காரணம் எனத் தெரிந்தது.

நாங்களும் தவறாதவர்கள் அல்ல. அவசர கேஸ்கள் அடுத்தடுத்து வந்த இரவுகளில், கையுறைதான் போட்டிருக்கிறோமே என்று அதே கையுறையோடு எல்லாவற்றையும் தொட்டிருக்கிறோம். அந்தக் கையுறை எங்களைக் காத்தது, நோயாளியைக் காக்கவில்லை. இதை உணர வெகு நாளாயிற்று.

இப்போது குழாய் வைத்ததும் கையுறையைக் கழற்றி, ஸ்பிரிட் கலந்த திரவத்தால் 20 முதல் 30 விநாடி கைகளைத் தேய்க்கிறோம். மருந்து ஏற்றும் முனையை ஸ்பிரிட்டால் துடைக்கிறோம். ஒருவருக்குப் போட்ட ஊசியும் சிரிஞ்சும் மற்றவருக்கு இல்லை.

மயங்கிக் கிடப்பவர் எங்களைக் கேள்வி கேட்க முடியாது. ஆகவே மயங்குமுன் கேளுங்கள். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போடும்போது தாய் விழித்துத்தானே இருக்கிறார்! "கை சுத்தம் செய்தீர்களா?" என்று கூச்சமின்றிக் கேளுங்கள். நாங்கள் கோபிக்க மாட்டோம். மறந்திருந்தால், அந்த ஒரு கேள்வி உங்களையும் காக்கும், எங்களையும் காக்கும்.