பெரிய சாதி நாய்: முதல் குட்டிக்கு அவசரம் வேண்டாம்

(தோட்ட மக்கள் மண்டபத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழும்பில் வேலை செய்யும் நம்ம பிள்ளைகள் லீவில் வரும்போது சாதி நாய்க்குட்டிகளையும் கொண்டு வருகிறார்கள். கிரேட் டேன், செயின்ட் பேர்னாட் போன்ற பெரிய நாய்களும் அதில் உண்டு. "குட்டி போட்டா விற்று நாலு காசு பார்க்கலாம்தானே ஐயா?" என்று கேட்கிறீர்கள். பார்க்கலாம். ஆனால் அவசரப்படக் கூடாது.

மேல் டிவிசனில் ஒரு குடும்பம் வளர்த்த கிரேட் டேன் பொட்டை நாய், 11 மாதத்தில் முதல் தடவை பருவத்துக்கு வந்தது. "இணைக்கு விடலாமா?" என்று என்னிடம் கேட்டார்கள். "அதுதான் பருவத்துக்கு வந்துவிட்டதே" என்று நானும் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். குட்டி போடும் இரவில் முதல் குட்டி குறுக்கே மாட்டிக்கொண்டது. டவுனுக்கு வாகனம் பிடிப்பதற்குள் தாயும் குட்டிகளும் போய்விட்டன. நாய் வாங்கிய கடன்தான் மிச்சம். அந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் மிருக வைத்தியரிடம் கேட்டறிந்ததை இன்று சொல்கிறேன்.

பருவம் வருவது வேறு, உடம்பு முற்றுவது வேறு. பெரிய சாதி நாயின் எலும்பு 18 முதல் 24 மாதம் வரை வளரும். தானே வளர்ந்துகொண்டிருக்கும் நாய், வயிற்றுக் குட்டிகளுக்கும் சத்துக் கொடுக்க வேண்டி வந்தால் தளர்ந்து போகும். ஆகவே 2 வயது முடியட்டும். முதல் பருவத்தை விட்டுவிடுங்கள். இரண்டாவது, மூன்றாவது பருவம்தான் நல்லது. அதற்கு முன் இடுப்பு எலும்பை எக்ஸ்ரே எடுத்து, இதயத்தையும் பார்ப்பது அவசியம். இடுப்புக் கோளாறு குட்டிகளுக்கும் இறங்கும். பூச்சி மருந்தும், விசர்நோய் தடுப்பூசியும் முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும்.

பருவம் ஏறக்குறைய 3 வாரம் இருக்கும். முதல் 9 நாள் அளவில் இரத்தம் படும். அப்போது ஆண் நாயை அண்ட விடாது. பிறகு இரத்தம் வெளிறும். பொட்டை நாய் வாலை ஒதுக்கி நிற்கும். அதுதான் சேரும் காலம். இரத்தப் பரிசோதனை செய்தால் சரியான நாளை வைத்தியர் சொல்வார். அந்த 3 வாரமும் லயத்து வாசலில் அவிழ்த்து விடாதீர்கள். ஒரே பருவத்தில் இரண்டு ஆண் நாய்களுக்கும் குட்டி தங்கலாம்.

சினைக்காலம் சுமார் 63 நாள். நாளைக் குறித்து வையுங்கள். வைத்தியரோடும் வாகனக்காரரோடும் முன்பே பேசி வையுங்கள். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

இவ்வளவு செலவு தாங்காது என்றால் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டு, வீட்டுக் காவலுக்கு அன்பாக வளருங்கள். அதில் ஒரு குறையும் இல்லை. வாயில்லாச் சீவனின் உயிரை வைத்து நாம் காசு எண்ணக் கூடாது.