மூடுபனிக்கு அப்பால்

கவிதை பேசும் அவையில் வானியல் பேச வந்துள்ளேன், பொறுத்தருள்க.

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் பணியாற்றியபோது, ஒரு டிசம்பர் மாலை மாணவர்களை மேட்டிற்கு அழைத்துச் சென்றேன். ஆந்திரமேடா என்னும் சுருள் மண்டலத்தை வெறுங்கண்ணால் காட்டுவதாக வாக்களித்திருந்தேன். அது 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது என்று சொல்லி முடிக்குமுன் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவிட்டது. கொழுந்து பறிப்பவரின் மகளொருத்தி, "சார், முத்தோரையில இருக்கிற பெரிய தொலைநோக்கியையும் இந்தப் பனி மறைக்குமா?" என்று கேட்டாள்.

மறைக்காது. கோவிந்த் சுவரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் நம் நாட்டிலேயே வடிவமைத்து 1970-இல் கட்டி முடித்த ரேடியோ தொலைநோக்கி அது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். உதகையின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. அதே அளவு சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்தார்கள். அதனால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது; ஒரே அச்சில் திருப்பியே ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரம் பின்தொடரலாம். நாம் உருளைக்கிழங்குக்கு வரப்புக் கட்டும் சரிவில் அவர்கள் வானத்தைக் கண்டார்கள்! அக்கருவி பெறும் அலையின் நீளம் சுமார் 92 சென்டிமீட்டர். நுண்ணிய பனித்துளி அதற்கு ஒரு பொருட்டன்று.

அகச்சிவப்புக் கதிரின் கதை வேறு. ஆந்திரமேடாவுக்குள்ளேயே ஒரு மூடுபனி உண்டு, அது தூசு. விண்மீன் ஒளியை விழுங்கி வெதுவெதுப்பாகி, அத்தூசு அகச்சிவப்பாக ஒளிர்கிறது. கண்ணுக்குத் திரையாய் நிற்பதே அங்கு விளக்காகிறது. ஆயினும் அக்கதிர்களில் பெரும்பகுதியை நம் காற்றிலுள்ள நீராவி உறிஞ்சிவிடும். காற்றும் தன் வெப்பத்தால் அதே கதிரை வீசும். எனவே கருவியை விண்ணுக்கே அனுப்ப வேண்டியதாயிற்று. 1983-இல் ஐராஸ் செயற்கைக்கோள் சென்றது; 2003-இல் ஸ்பிட்சர் சென்றது. 24 மைக்ரான் அலைநீளத்தில் ஸ்பிட்சர் எடுத்த படத்தில் ஆந்திரமேடாவின் தூசு வளையம் செந்தணலாய்த் தெரிகிறது. வளையம் ஓரிடத்தில் பிளவுபட்டுள்ளது. துணை மண்டலமான எம் 32 ஊடுருவிச் சென்ற வடு அது என்று சிலர் கருதுகின்றனர்.

அந்தப் படத்தைப் பின்னர் வகுப்பில் காட்டினேன். மறு டிசம்பரில் வானம் தெளிந்தது. அச்சிறுமி நெடுநேரம் அண்ணாந்து பார்த்து, ஒரு வெண்புகைத் திட்டைக் கண்டுபிடித்தாள்.

"இதுதானா சார், அவ்வளவு பெரிசு?" என்றாள்.