பெயருக்கு அருகே ஒரு சிறு குறி
(அறக்கட்டளையின் வணிக அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது ஆண்டு மலருக்கு விளம்பரம் தரும் அன்பர்களுள் மசாலைத்தூள் அரைப்போரும் உணவகம் நடத்துவோரும் பலர். கடைப்பெயருக்கு அருகே சிலர் ‘டிஎம்’ என்று அச்சிடுகிறார்கள். சிலர் வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தை இடுகிறார்கள். இவை அலங்காரம் அல்ல. இரண்டுக்கும் பொருள் வேறு.

‘டிஎம்’ என்பது, “இதை என் வணிக முத்திரையாக வழங்குகிறேன்” என்னும் அறிவிப்பு. பதிவு இல்லாமலும் இடலாம். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதும் இதுவே பொருத்தம். வட்ட ‘ஆர்’ அப்படியன்று. பதிவு முடிந்துவிட்டது என்று அது சொல்கிறது. பதியாத முத்திரையைப் பதிந்ததாகத் தெரிந்தே காட்டுவது, நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டப்படி குற்றம். அச்சகத்தார் அழகுக்குச் சேர்த்திருந்தால், மாதிரிப் படியிலேயே நீக்கச் சொல்லுங்கள்.

எது பதிவு என்பதிலும் குழப்பம் உண்டு. எஸ்எஸ்எம்மில் கடைப்பெயரைப் பதிந்தால் முத்திரையும் பதிவாகிவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. முத்திரையை மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் தனியே பதிய வேண்டும். பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மசாலைத்தூள் 30-ஆம் வகுப்பு. உணவகம் 43-ஆம் வகுப்பு. ஒன்றில் பதிந்தது மற்றொன்றுக்கும் பதிந்ததாகாது. இந்தியாவில் பதிந்ததும் இங்கே பதிந்ததாகாது. பதிவின் காலம் 10 ஆண்டு; பின்னர் புதுப்பிக்க வேண்டும்.

சரி, பெரிய நிறுவனத்தின் முத்திரை என்றால் அதன் சாயல் எதையும் பிறர் தொடக்கூடாதா? கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் நம்மவர் நடத்திய ‘மெக்கறி’ உணவகத்தின் மீது மெக்டோனால்ட்ஸ் வழக்குத் தொடுத்தது. 2006-இல் உயர்நீதிமன்றம் மெக்டோனால்ட்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. இரண்டு கடைகளின் உணவும் வாடிக்கையாளரும் வேறு என்பதை நீதிபதிகள் கருத்தில் கொண்டனர். அதே ஆண்டு செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றமும் மெக்டோனால்ட்ஸுக்கு மேல்முறையீட்டு அனுமதி தரவில்லை. சிறிய கடை வென்றது. ஆனால் பல ஆண்டு நீதிமன்றப் படியேறிய பிறகே. பெயர் வைக்கும்போதே பதிவேட்டைத் தேடிப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

தெய்வத் திருப்பெயரைக் கடைக்குச் சூட்டுவது நம் வழக்கம். அதற்கு அருகே ‘டிஎம்’ போட்டால் பெயர் நமக்கு மட்டுமே சொந்தமாகிவிடுமா? இந்தியாவில் ஒரு வணிகர் ‘இராமாயண்’ என்னும் பெயரை ஊதுபத்திக்குப் பதிய விரும்பினார். புனித நூலின் பெயரை மட்டும் எடுத்து ஒருவர் தமக்கே உரிமை கோர இயலாது என்று 2015-இல் உச்சநீதிமன்றம் கூறியது. ஆகவே பொதுவான திருப்பெயருடன் நமக்கே உரிய சொல்லையோ வடிவத்தையோ சேர்த்துக்கொள்வதே விவேகம்.

அன்பர்களே, எடைக்கல்லில் காட்டும் நேர்மையைப் பெயர்ப்பலகையிலும் காட்டுவோம். அடுத்த மலருக்கு விளம்பரம் தரும்முன், உங்கள் பதிவுச் சான்றிதழை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சான்றிதழ் இருந்தால் வட்ட ‘ஆர்’ இடுங்கள். இல்லையேல் ‘டிஎம்’ போதும். உங்கள் தொழில் தழைக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.