பழைய காமிராவின் கண்



ஊரைவிட்டுப் புறப்பட்டபொழுது நம்மவர் பெட்டியில் வைத்துக் கொணர்ந்த பொருள்களுள் தந்தையாரின் காமிராவும் ஒன்றாக இருப்பதுண்டு. மும்பை மாதுங்காவிலும் தில்லி கரோல்பாகிலும் எத்தனையோ இல்லங்களில் அது அலமாரியின் மேல்தட்டில் தோலுறைக்குள் கிடக்கிறது. என்றோ ஒரு நாள் வெளியே எடுக்கிறோம். லென்ஸ் எனப்படும் கண்ணாடி வில்லை மங்கித் தெரிகிறது. உடனே வேட்டித் தலைப்பால் அழுத்தித் துடைக்கிறோம்.

நாங்களும் அவ்வாறு செய்தவர்களே. அது கஞ்சி போட்ட வேட்டி. அன்று விழுந்த வளையக் கீறல்கள் இன்றும் இருக்கின்றன. வெளிச்சத்தை எதிர்நோக்கிப் படம் எடுத்தால், முகங்களின்மீது வெண்புகை படர்ந்தாற்போல் ஆகிவிடுகிறது. பல்லாண்டுத் தூசி செய்யாத தீங்கை எங்கள் அரை நிமிட அக்கறை செய்துவிட்டது.

காரணம் எளிது. தூசியில் மணல் கலந்திருக்கிறது. மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியினும் கடினமானது. அன்றியும், வில்லையில் பட்டு ஒளி எதிரொளிப்பதைக் குறைக்க அதன்மீது ஒரு பூச்சு இடுவதுண்டு. ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்ஸாண்டர் ஸ்மகுலா 1935-இல் கண்ட முறை இது. பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு! தொடக்க காலப் பூச்சுகள் மிக மிருதுவானவை; துணி உராய்ந்தாலே தேயும்.

ஆதலின் முதலில் காற்று. வாயால் ஊதலாகாது, எச்சில் தெறிக்கும். மருந்துக் கடையில் விற்கும், காது கழுவும் ரப்பர்க் குமிழ் போதும். வில்லையைக் கீழ்நோக்கிப் பிடித்து நாலைந்து முறை அழுத்துங்கள். ஒட்டிய தூசியைப் புதிய மென்தூரிகையால் தள்ளுங்கள். பெரும்பாலும் வேலை இத்துடன் முடிந்துவிடும்.

விரல் ரேகையோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் மட்டுமே துணி வேண்டும். கஞ்சி காணாத, பலமுறை துவைத்து நைந்த மல் துணியில் இரண்டு துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு, நடுவிலிருந்து விளிம்புவரை அழுத்தாமல் சுற்றித் துடைக்கலாம். நேரே வில்லையில் விட்டால் விளிம்பு வழியே உள்ளே இறங்கிவிடும். அடுப்பும் விளக்கும் அருகில் இருத்தல் கூடாது. மலிவுக் காமிராக்களில் வில்லையே பிளாஸ்டிக்காக இருப்பதுண்டு. அவற்றுக்குக் காற்றோடு நிறுத்திக்கொள்க. பற்பசை தேய்க்குமாறு சொல்லும் நண்பர்களும் இருப்பார்கள். அவர்கள் தங்கள் காமிராவில் தேய்த்துக்கொள்ளட்டும்.

மும்பை, கொல்கத்தா, கொச்சி போன்ற ஈரநகரங்களில் வேறொரு பகை உண்டு. அதுவே பூஞ்சக்காளான். வில்லையை விளக்கிற்கு எதிரே பிடித்தால் சிலந்தி நூல்போல் கிளைத்திருப்பது தெரியும். அது சுரக்கும் அமிலம் நாளடைவில் கண்ணாடியையே அரித்துவிடும். வெளிப்பரப்பில் இருந்தால், 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடுடன் சம அளவு தண்ணீர் கலந்து, பஞ்சை நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுக்கலாம். உள்ளே பரவியிருந்தால் திருகாணியைத் தொடாதீர்கள். வில்லைகள் நுட்பமான இடைவெளியில் அமைந்தவை. கழற்றுவது எளிது, சேர்ப்பது அரிது. தில்லியில் கூச்சா சௌதரி போன்ற காமிராக் கடைத் தெருக்களில் விசாரித்து, கைதேர்ந்தவரிடம் கூலியை முன்னதாகப் பேசிக்கொண்டு கொடுங்கள்.

காளானுக்கு இடம் தருவது பெரும்பாலும் அந்தத் தோலுறைதான்; அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். காமிராவை உறையினின்றும் எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். நீலக் குருணை இளஞ்சிவப்பானால் ஈரம் நிறைந்துவிட்டதென்று பொருள். சமையலுக்கு உதவாத பழைய வாணலியில் இளஞ்சூட்டில் வைத்தால் மீண்டும் நீலமாகும். சிலர் அரிசியில் புதைத்து வைக்கிறார்கள். அரிசித்தூள் காமிராவினுள் புகுந்ததுதான் மிச்சம்.

உள்ளே இரண்டொரு தூசித் துகள் தென்பட்டால் கவலை வேண்டாம். படத்தில் அது தெரியாது. எங்கள் கீறல் விழுந்த வில்லையும் சும்மா இருக்கவில்லை. சூரியனை முதுகுப்புறம் வைத்து, வில்லையின்மேல் கையால் நிழல் கொடுத்து, சென்ற பொங்கலன்று மாடியில் எல்லோரையும் படம் எடுத்தோம். முகங்கள் தெளிவாகவே விழுந்திருக்கின்றன.